ஆணியில் தொங்கிய பேட்ஜ்

எமனுக்கு டிமிக்கி கொடுத்தவர்கள்கூட எங்காவது இருக்கலாம். வார்டு ஆயா 'கதவு அத்தை'க்கு டிமிக்கி கொடுத்தவர் எவருமில்லை. கதிர்வீச்சு வார்டின் கடைசி அறை வாசலில் அவள் ஸ்டூலைப் போட்டுவிட்டால், கொசுகூட அனுமதி கேட்டுத்தான் நுழையும். சலவைப் பிரிவில் துணி சுமந்து இடுப்பு ஒடிந்தவள். வேறு யாரும் வர மறுத்ததால் இந்த வார்டை அவள் தலையில் கட்டினார்கள்.

அந்த அறையில், வாலு என்று எல்லோரும் கூப்பிடும் பள்ளிப் பையனின் தங்கை கிடந்தாள். மூன்று வயது. புற்றுநோய்க்கு ஒரு கண்ணைக் கொடுத்தாகிவிட்டது. மிச்சக் கண்ணைக் காப்பாற்ற, சட்டைப் பொத்தான் அளவில் கதிர்வீச்சுத் தகடு ஒன்றை விழியோடு வைத்துத் தைத்திருந்தார்கள். கட்டியை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். குழந்தை கண்கட்டைப் பிய்த்துத் தகடு நகர்ந்தால் அந்தக் கண்ணும் போச்சு. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மா கர்ப்பிணி, உள்ளே விடமாட்டார்கள். வாலுவுக்கு வயது போதாது. அப்பாவோ, முதல் கண்ணை டாக்டர்கள் எடுத்த வாரமே தானாகக் கழன்றுகொண்டவர்.

வாலு முகமூடி, பச்சை அங்கியோடு வந்து தொண்டையைக் கனைத்தான். "டாக்டர் வந்திருக்கேன்."

"வாங்க டாக்டர். ஸ்கூல் ஷூவோடயா ஆபரேஷன் பண்றீங்க? ஓடுடா!"

தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். உள்ளே தங்கை வீறிட்டாள். அத்தை எழுந்தாள், சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டினாள். உடம்பில் விழும் கதிரை அளக்கிற பேட்ஜ் அது. பிறகு உள்ளே போய், யாரும் தாண்டக் கூடாதென்று தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டைத் தாண்டி, கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

'கேடி அத்தை' என்று சிரிக்கப் பார்த்தான். கண் ஆணிக்குப் போனது.

வெளியே வந்தவள் ஸ்டூலில் கண்ணயர்ந்தாள். வாலு பூனையாக வந்து பேட்ஜை அவள் சட்டையில் குத்தினான். மணிக்கட்டு அவள் பிடியில் மாட்டியது.

"ஊசி குத்துதுடா."

"போட்டுக்கங்க அத்தை. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"போட்டா கணக்கு ஏறும். ஏறினா என்னை வேற வார்டுக்கு மாத்துவாங்க. அப்புறம் அவ கையை யாரு பிடிப்பா? உங்கப்பனா?"

உள்ளே தங்கை மறுபடி சிணுங்கினாள்.

"சொல்லு ராசா. இருக்கட்டுமா, கழட்டட்டுமா?"

வாலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேட்ஜைக் கழற்றித் தானே ஆணியில் மாட்டினான்.

"பாத்தியா," என்று எழுந்தாள் அத்தை. "நீயும் இந்த ஆஸ்பத்திரிக்காரங்க மாதிரி என் தலையிலயே கட்டிட்டியேடா."