சாமுண்டீஸ்வரி டிவி படித்த கதை

1987-ல் ஆவடி மார்க்கெட் அருகே, ஒரு தையல் கடையின் மாடியில் டிவி மெக்கானிக் பயிற்சி வகுப்பு நடந்தது. மாலை நேரத்தில், ஆறு மாதம். அதில் பெயர் கொடுத்தவர் வெள்ளானூர் கன்னியப்பன். படித்து முடித்தவள் அவருடைய மனைவி சாமுண்டீஸ்வரி.

கன்னியப்பன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். எந்த மெஷினுக்கும் பயப்படமாட்டார். முதல் வாரமே, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த டிவி ஒன்றின் பின்பக்கம் தைரியமாகக் கைவிட்டார். அடுத்த நொடி பெஞ்சோடு மல்லாந்து விழுந்தார். வீட்டுக்கு வந்தவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

“இனிமே அந்தாண்டயே போமாட்டேன். பிளக்கு புடுங்கிக் கெடக்குது, அப்பவும் கடிக்குதுமே! அது டிவி இல்ல, பேய்.”

பத்தாவது வரை படித்த சாமுண்டீஸ்வரி, அவர் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தாள்.

“பிளக்கே இல்லாம கரண்டு எப்டி மாமா வந்துச்சு?”

“அத்த அந்த சாரையே போய்க் கேளு.”

மறுநாள் நிஜமாகவே போய்விட்டாள். அவள் யார் வீட்டுக்காரி என்று தெரிந்ததும் பயிற்சியாளர் ஜெயராமன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் கேள்வியைக் கேட்டதும்தான் மறுபடி உட்கார்ந்தார்.

“டிவிய ஆஃப் பண்ணாலும் பிக்சர் டியூப்ல கரண்டு தங்கி நிக்கும்மா. அத எர்த் பண்ணி எறக்கிட்டுத்தான் கை வைக்கணும். இருபது பேருக்குப் பாடம் எடுக்கறேன், ஒருத்தன் இந்தக் கேள்விய கேக்கல.”

“அப்ப எங்க ஊட்டுக்காரர் எடத்துல நான் உக்காந்துக்கவா சார்?”

உட்கார்ந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டில் பெயரை மாற்ற ஜெயராமனுக்குச் சோம்பல். தினமும் “கன்னியப்பன்” என்று கூப்பிடுவார். “உள்ளேன் சார்” என்று வளையல் குலுங்கக் கை தூக்குவாள். முதல் பத்து நாள் வகுப்பே சிரித்தது. சால்டரிங்கில் அவள் வைக்கும் ஈயப் பொட்டு மட்டும் கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவாக விழுவதைப் பார்த்தபிறகு சிரிப்பு அடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்முறைத் தேர்வு. நாலு பேருக்கு ஒரு டிவி. படம் வரும், சத்தம் வராது. அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அன்று சத்தமும் இல்லை, படமும் இல்லை. டிவி செத்துக் கிடந்தது. முதலில் போனவன் டிவிக்குள்ளிருந்த பியூஸை மாற்றினான். அடுத்தவன் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தான். மூன்றாவதாகப் போன ஆனந்தன், பிக்சர் டியூபே போய்விட்டது, இதற்கு வைத்தியம் கிடையாது என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியாகச் சாமுண்டீஸ்வரி. டிவியைத் தொடவே இல்லை. சுவரிலிருந்த பிளக் ஓட்டையில் டெஸ்டரைச் செருகினாள். எரியவில்லை. விடுவிடுவென்று கீழே இறங்கிப் போனாள். தையல்காரர், தன் அயர்ன்பாக்ஸ் லைனில் பியூஸ் போய்விட்டதால், மாடியில் அந்த ஒரு பிளக்குக்குப் போகும் லைனின் பியூஸைப் பிடுங்கித் தனக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதை வாங்கிவந்து மாட்டினாள். டிவியில் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் வாயை அசைத்தார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் விட்டிருந்ததைப் பற்றவைத்தாள். அவர் இந்தியில் பேச ஆரம்பித்தார்.

தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மொதல்ல பிளக்க பாக்கணும்னு எப்படிம்மா தோணிச்சு?”

“எங்க வெள்ளானூர்ல டிவி ஓடலன்னா, எதிர் ஊட்ல லைட்டு எரியுதான்னுதான் சார் மொதல்ல பாப்போம்.”

அவளுக்குத்தான் முதல் மார்க். சான்றிதழில் மட்டும் ‘கன்னியப்பன்’ என்று வந்துவிட்டது. ஜெயராமன் அதை அடித்து, பேனாவால் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று வருடம் எஸ்டேட்டில் டிவிக்கு போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, வீட்டின் முன்னறையிலேயே கடை போட்டாள். டிவியைத் தூக்கிவந்தவர்கள் அவளைத் தாண்டிக் கன்னியப்பனிடம்தான் கோளாறைச் சொன்னார்கள். அவரும் டாக்டர் மாதிரி தலையாட்டுவார்.

“கோடு கோடா வருதா? எத்தினி நாளா கீது? தட்டுனா நிக்குதா?”

எல்லாம் விசாரித்துவிட்டு உள்ளே திரும்பி, “சாமுண்டி, கோடு கேஸு!” என்று குரல் கொடுப்பார்.

போகப்போக அவர் கேட்ட கேள்விகளெல்லாம் சரியாகவே இருந்தன. கோளாறு எங்கே என்று அவற்றிலிருந்தே அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். ஆனால், தலைக்கு ஏறிவிடும் என்று அதை மட்டும் அவரிடம் அவள் சொல்லவேயில்லை.