பறவைக் கூடத்தில் பெண் பார்த்தது

நனைந்த தென்னந்தும்பும் பறவை எச்சமும் கலந்த வாடை. மாத்தளையில் கிளிக்குஞ்சு விற்கும் கடையைக் கடக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. நடையைக் கூட்டுவேன். வாடையும் கூடவே நடக்கும்.

தங்கைக்கு அப்போது முப்பத்தேழு வயது. கார்மென்ட்ஸில் வேலை, அலுவிகாரையில் போர்டிங். சின்னதிலிருந்தே மூச்சிழுப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் வேண்டாமென்று போனதை எங்கள் எஸ்டேட் லயம் முழுக்கப் பேசிப் பேசி ஓய்ந்திருந்தது. "இனிமே யாரும் இங்க வந்து பாக்க வேணாம்ணே" என்றாள். அதனால்தான் தம்புள்ளைப் பாதையில் அந்தப் பூந்தோட்டம். கூரை போட்ட தோட்டம், ஒட்டினாற்போல் பறவைக் கூடம். தெரிந்தவர்கள் கண்டாலும் சுற்றிப் பார்க்க வந்தோம் என்று சொல்லிவிடலாம். இடத்தைச் சொன்னது மாப்பிள்ளை வீட்டார். பூந்தூளும் இறகுத் தூசியும் அவளுக்கு ஆகாதுதான், ஆனால் மறுக்கக் காரணம் சொல்ல வேண்டுமே. அந்தக் காரணத்தைத்தானே மறைத்துக்கொண்டிருந்தோம்.

இழுப்புக்கு அடிக்கும் பம்ப் என் பாக்கெட்டில் இருந்தது. கைப்பையைத் திறக்கும்போது யாராவது கண்டுவிடுவார்கள் என்று அவளே என்னிடம் தந்திருந்தாள்.

மாப்பிள்ளை ரத்தோட்டையில் மிளகு, கராம்பு வாங்கும் கடையில் நிற்பவர். மனைவியை இழந்தவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்காவே பேசினார்.

கூரையில் மழை. உள்ளே தென்னந்தும்பில் கட்டிய ஓர்கிட்டுகள், வேரெல்லாம் அந்தரத்தில், மண்ணே காணாமல் பூத்துக் கிடந்தன. அழகுதான். ஆனால் எனக்கு அவற்றைப் பார்க்க மூச்சு முட்டியது.

"எங்க வீட்லயும் ஒரு ரோஸ் நிக்குது" என்றார் மாப்பிள்ளை, பூவைப் பார்த்தபடியே. "தண்ணி ஊத்தத்தான் ஆளில்ல."

"ஏன், நீங்க ஆளில்லையா?" என்றாள் தங்கை.

அவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். "வாய் இருக்கு புள்ளைக்கி. இவனுக்கு அப்புடித்தான் வேணும்."

எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்த வெளிச்சம். இது முடிந்துவிடும், நல்லபடியாக முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு குரல் ஓடத் தொடங்கியது.

பிறகு வலைக்கதவைத் திறந்து பறவைக் கூடத்துக்குள் போனோம். தலைக்கு மேல் நூறு சிறகுகள் ஒன்றாக எழுந்தன. கூரைக் கண்ணாடியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தூசி சுழன்றது. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மாவால நடக்க ஏலாது. போட்டோவாச்சும் கொண்டுபோய்க் காட்டணும்" என்று அக்கா போனை எடுத்தார். கூடத்துக் காவல்காரர் ஒரு பஞ்சவர்ணக்கிளியைத் தங்கையின் தோளில் ஏற்றினார். "சிரிங்க தங்கச்சி" என்றார் அக்கா.

சிரித்தாள். கிளிகளின் கூச்சலுக்குள் அவள் நெஞ்சிலிருந்து எழுந்த சின்ன விசில் எனக்கு மட்டும் கேட்டது. என் கை பாக்கெட்டுக்குப் போனது. அவள் கண்டுகொண்டாள். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

"கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுப்போம்."

கழுத்தடிக் குழி உள்ளே உள்ளே போனது. கிளி சிறகடித்தது. அவள் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள், உதடு கறுத்துக்கொண்டிருந்தது. நான் பாய்ந்துபோய் பம்பை நீட்டினேன். என் கையைத் தட்டிவிடத்தான் பார்த்தாள். பிறகு பிடுங்கி, வாயில் வைத்து அழுத்தினாள்.

மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு ப்ளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். அக்கா போனைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தார். பதில் அதுதான். வாசலில், "ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மழ விட்டுருச்சி, நட" என்று அக்கா அவரை முன்னால் விட்டுக்கொண்டு போனார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அலுவிகாரை வந்ததும் எழுந்தாள்.

"இப்ப மூச்சு பரவாயில்லையா?"

படியில் நின்று, கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "இன்னும் ஒரு போட்டோதானே அண்ணே. அதுவரைக்கும் பொறுத்திருக்கலாம்ல."