கத்தினாலும் வராத தேநீர்

கெய்ரோவில் சய்யிதா ஜைனப் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருக்கிறது எங்கள் தேநீர்க்கடை. அங்கே சீட்டு எழுதுகிற வழக்கமெல்லாம் கிடையாது. பரிமாறுகிற மஹ்ரூஸ் தெருவில் நின்று ராகம் போட்டுக் கத்துவான். உள்ளே அடுப்படியில் நிற்கும் நான் காதால் கேட்டுப் போட்டுக்கொடுப்பேன். “மாப்பிள்ளைக்கு ஒண்ணு!” என்றால் சர்க்கரை தூக்கலாகத் தேநீர். “எழவு ஒண்ணு!” என்றால் சர்க்கரையில்லாத காப்பி. துக்க வீட்டில் அதைத்தானே கொடுக்கிறோம்.

எவளோ ஒருத்தி அதைப் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். அத்தோடு போச்சு. சனம் குடிக்க வரவில்லை, மஹ்ரூஸைக் கேட்க வந்தது.

“அண்ணே, இன்னொரு தடவை கத்துங்க. மூஞ்சி சரியா விழல.”

அவனும் கத்துவான். நானும் போட்டுத் தொலைப்பேன். ஆறிப்போனது சாக்கடைக்குப் போகும். கடைக்கார ஹாஜி ஷெஹாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார்.

“மஹ்ரூஸு, நெசமா வேணும்னா கையக் காட்டு. கத்துறது படம் பிடிக்கிறவங்களுக்கு. மாஸ்டர், நீ காத மூடிக்க, கண்ணத் தொறந்து வை.”

“அப்ப என் சத்தத்துக்கு இனிமே பச்சத்தண்ணிகூட வராது. அப்படித்தானே ஹாஜி?”

“கூட்டம் வருதே, பத்தாதா? பெரிய பாடகரு இவரு!”

ஒரு மத்தியானம், டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற லபீப் பெரியவர் நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார். சர்க்கரை நோயாளி, வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிட்டது. மஹ்ரூஸ் அவரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கத்தினான்.

“மாப்பிள்ளைக்கு ஒண்ணு! சீக்கிரம்!”

நான் அசையவில்லை. மறுபடியும் கத்தினான், குரல் உடைந்தது. இன்றைக்கு நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தபடி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே போன்களெல்லாம் உயர்ந்தன. யாரோ கைதட்டினார்கள். கடைசியில் பெரியவரைத் தரையில் கிடத்திவிட்டு அவனே ஓடிவந்து சர்க்கரை டப்பாவைப் பிடுங்கினான்.

“செவுடா நீ?”

“கையக் காட்டலயேடா.”

“எந்தக் கையடா காட்டச் சொல்ற?”

பெரியவர் பிழைத்துக்கொண்டார். மஹ்ரூஸ் அதற்கப்புறம் கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே நடந்து வந்து மெல்லச் சொல்லிவிட்டுப் போனான். கத்து, இல்லாவிட்டால் கிளம்பு என்றார் ஹாஜி. அவன் கிளம்பினான். கல்யாணங்களில் மைக் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் அந்த வேலைக்கு வந்தான். நன்றாகவே கத்துகிறான். நான் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

என் லீவு நாளில், பஸ் நிலையத்துக் கடையொன்றில் மஹ்ரூஸைப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. ஒவ்வொரு தேநீருக்கும் அடுப்பு வரைக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

“இங்கயாச்சும் கத்தலாமேடா, நெசமாவே வரும்ல?”

“இந்த பஸ் சத்தத்துல யாருக்கு மாஸ்டர் கேக்கும்?” என்றான். “உனக்குச் சர்க்கரை போடலாமா, வேண்டாமா? அதச் சொல்லு.”