பெரிய துரையின் கோட்டு

தேயிலை விலை விழுந்து, தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் கண்டியில் செழித்த வியாபாரம் ஒன்று இருந்தது. அது பழைய உடுப்பு வியாபாரம். கொழும்புத் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்தக் கடை இருந்தது. பங்களாக்களில் ஏலம் நடக்கும்போது, அலுமாரியையும் கதிரைகளையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, உடுப்புகளை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார் கடைக்கார முஸ்லிம் நானா. குதிரையேறும் காற்சட்டைகளும் வால் வைத்த கறுப்புக் கோட்டுகளும் துரைச்சானிகளின் கவுன்களும் கடை முழுவதும் கயிற்றில் தொங்கும். உள்ளே போனால், முகமில்லாத வெள்ளைக்காரர்கள் கூட்டமாக நிற்பதுபோல் இருக்கும்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் சின்னக் கிளாக்கர். என் போன்றவர்களுக்கு அந்தக் கடை அவசியம். அங்கே போவது ஊருக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட அவசியம். ஒருமுறை நான் ஒரு காற்சட்டைக்குள் ஒற்றைக் காலை விட்டுக்கொண்டு நின்றபோது, எங்கள் கம்பெனிக் கந்தோர்க் கணக்காளர் உள்ளே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்துப்பட்டி கோணினால்கூடக் கண்டிப்பவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"மழைக்கு ஒதுங்கினனான்," என்றார்.

"நானுந்தான் சேர்," என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

எனக்குப் பெண் பார்க்கப் போவதென்று முடிவானபோதும் அந்தக் கடைக்குத்தான் ஓடினேன். பெண்ணின் அப்பா மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர். மலைக்குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் குளிருக்காக இல்லை. என் தோள்கள் சட்டை காயப்போடும் கம்பிபோல இருக்கும். அவற்றை மறைக்க ஏதாவது தேவைப்பட்டது.

நானா தடித்த பழுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். கை விரல்கள் காணாமல் போயின.

"கொஞ்சம் பெருசா இருக்கே நானா?"

"பெருசு இல்ல தம்பி, தாராளம். துரைமார் எல்லாம் இப்புடித்தான் உடுக்கிற. லண்டன் துணி. உங்கட பேரப்புள்ளயும் இத உடுக்கும்."

"தோள் எறங்குதே?"

"அது உங்கட தோளப் பழகுற மட்டுந்தான். கண்ணாடியப் பாருங்களே, ஒரு சுப்ரீண்டன் நிக்கிற மாதிரி ஈக்கி."

கண்ணாடியைப் பார்த்தேன். இப்போது நினைத்தால், மூட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டும் ஆமைதான் தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்குத் தோட்டத்தையே ஆளும் சுப்ரீண்டன் துரை தெரிந்தார். வாங்கிவிட்டேன்.

என் தாய்மாமா துணைக்கு வந்தார். பன்வில தாண்டி, தோட்டத்துக்குப் பிரியும் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நடக்கத் தொடங்கினோம். வளைவொன்றில் படுத்திருந்த கிழட்டு வேட்டை நாயொன்று தலையைத் தூக்கி மோந்தது. பிறகு ஊளைக்கும் அழுகைக்கும் இடைப்பட்ட ஒரு சத்தத்தோடு என்னை நோக்கி ஓடிவந்தது. நான் பயந்து பக்கத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டேன். நாயோ கடிக்கவில்லை. கோட்டின் விளிம்பில் முகத்தைத் தேய்த்தது. வால் ஆடிய வேகத்தில் அதன் பின்பாதி முழுவதும் ஆடியது. நான் மேலே ஏறி நடந்ததும் என் காலோடு ஒட்டி நடக்கத் தொடங்கியது.

"பாத்தியா, நாய்க்குக்கூட ஆளத் தெரியுது," என்றார் மாமா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, அந்தச் சரிவு முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளையைக் கண்ட வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து வரவேற்றார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கோட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்த பிறகு மறுபடியும் கோட்டைப் பார்த்தார். மாமா அதைக் கவனித்துவிட்டார்.

"கொழும்புல அளவெடுத்துத் தச்சது. துணி சீமையில இருந்து வந்தது."

"அப்படிங்களா," என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

பெண் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். அவளை நன்றாகப் பார்க்கலாம் என்று நான் தலையை உயர்த்திய அதே நேரத்தில், வெளியில் கிடந்த நாய் உள்ளே நுழைந்து, என் வலதுபக்கப் பைக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. விலக்கினேன். மறுபடி நுழைத்தது. பையைப் பொத்தினேன். என் கையை நக்கி, முனகி, முன்னங்காலால் என் முழங்காலைத் தட்டியது. தேத்தண்ணி என் மடியில் கொட்டியது. மாப்பிள்ளை ஒரு நாயோடு மல்லுக்கட்டுவதை வீடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண்தான் பேசினாள். "அந்தப் பையிலதாங்க பெரிய தொரை பிஸ்கட் வச்சிருப்பாரு."

அவளுடைய அப்பா கூரையைப் பார்த்தார். மாமாவுக்கு இருமல் வந்தது.

"ஒண்ண உள்ள போட்டுருங்க. இல்லாட்டி விடாது," என்று தட்டை என் பக்கம் நீட்டினாள். "பாவம், தொரை ஊருக்குப் போன நாள்ல இருந்து ரோட்டயே பாத்துக்கிட்டுக் கெடக்கு."

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பையில் போட்டேன். நாய் அதை அவ்வளவு மெதுவாக, துணியில் பல் படாமல் எடுத்துத் தின்றுவிட்டு, என் சப்பாத்தின்மேல் தலையை வைத்துக் கண்ணை மூடியது. அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

"கண்டியில, பழைய உடுப்புக் கடையில வாங்குனதுங்க," என்றேன்.

பெண் தட்டோடு உள்ளே போனாள். குசினிக்குள் பல பெண்கள் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய அப்பா, "யோசிச்சு சொல்லி அனுப்புறோம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாமா பஸ்ஸில் கண்டிவரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். நான் அதைக் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் அந்தக் கிழட்டு நாய் முடிந்த மட்டும் ஓடிவந்து, மூச்சு வாங்கி, ரோட்டு நடுவில் உட்கார்ந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கோட்டை விற்றுத் தொலைக்கக் கடைக்குப் போனேன். நானா அதை விரித்துப் போட்டு, முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, யானைக்குத் தச்ச மாதிரி ஈக்கி? தோளப் பாருங்க. முழங்கை தேஞ்சி போய்க் கெடக்கு. நாய் மயிர் வேற."

"நானா, லண்டன் துணி!" என்றேன். "பெருசு இல்ல, தாராளம். பேரப்புள்ளைகூடப் போடலாம்!" அவருடைய வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தன. ஆனால் அவர் சொன்னபோது இருந்த அழகு அவற்றில் இல்லை.

"இந்தச் சாமான யார் தம்பி எடுக்கிற?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு வாலிபன் உள்ளே வந்தான். என்னைப் போலவே ஒல்லி. நானாவின் முகம் மலர்ந்தது. நான் இன்னும் விற்கவே இல்லை, அதற்குள் கோட்டு அவன் தோளில் ஏறிவிட்டது.

"கண்ணாடியப் பாருங்களே, ஒரு சுப்ரீண்டன் நிக்கிற மாதிரி!"

அவன் பார்த்தான். அவனுடைய கழுத்து நீண்டது, நெஞ்சு நிமிர்ந்தது. அந்த முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க எனக்குக் காது சுட்டது. அவன் இதைப் போட்டுக்கொண்டு எங்கோ போவான், நாய் வளைவில் காத்துக்கிடக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, கழட்டுங்க. இது விக்கிறதுக்கில்ல," என்றேன். நானா என்னைப் பார்த்த பார்வையில், நான் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் என்ற தீர்ப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாக மடுல்கெல்லவுக்குப் பஸ் ஏறினேன். பெண் பார்த்துவிட்டு வந்தவன், பதில் வருமுன் தனியாக அந்த வீட்டுப் படியேறுவது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். கோட்டு கையில் மடித்தபடி இருந்தது. குளிரில் பல் தந்தியடித்தது. வளைவில் நாய் என்னைக் கவனிக்கவே இல்லை, கோட்டை மட்டும் வரவேற்றது.

கதவைத் திறந்தது அவள்தான். வீட்டில் மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். அவளைக் கண்டதும் ஒன்றும் மிஞ்சவில்லை. கோட்டை வராந்தாவில் விரித்தேன். நாய் அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துப் பெருமூச்சு விட்டது.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள். "இல்ல, என்னப் பாக்கவா?"

"நாயப் பாக்கத்தான்," என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு நடுங்கி நடுங்கிக் கீழே இறங்கினேன். அந்த வாரக் கடைசியில் அவர்களிடமிருந்து சம்மதம் வந்தது. மாமாவுக்கு அதன் காரணம் கடைசிவரை விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் என் மனைவி அதை விளக்கிவிடுகிறாள்.