இருபதுக்குப் பதினேழு

பிரான்சில் துவார் நகரத்துப் பள்ளியில் முப்பத்தொரு வருடமாக ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் கிஸ்லேன் பொம்மெரோ, ஒரு பிள்ளைக்குக்கூட இருபதுக்கு இருபது போட்டதில்லை. பதினான்கு கிடைத்துவிட்டால் அந்த வீட்டில் கேக் வெட்டுவார்கள். பதினைந்து என்றால், டீச்சருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பெற்றோர் விசாரிப்பார்கள்.

அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு பள்ளியோடு பத்தொன்பது வருடமாகக் கடிதத் தொடர்பு வைத்திருப்பவளும் அவள்தான். அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சில் எழுதுவார்கள், இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் ஈஸ்டர் விடுமுறையில் இங்கிருந்து அங்கே பயணம். ஏற்பாடெல்லாம் கிஸ்லேன், விமானம் ஏறுவது மட்டும் வேறு யாராவது. ஒருமுறை மகளின் பிரசவம், ஒருமுறை வேலைநிறுத்தம், ஒருமுறை முழங்கால். போய்வந்த உடற்பயிற்சி ஆசிரியர் கொடுத்த தொப்பி, தோட்டத்தில் தக்காளிக்குக் காவல் நிற்கும் பொம்மையின் தலையில் இருக்கிறது. அமெரிக்காவைக் கண்ணால் பார்க்காமலே அமெரிக்கர் பேசும் அழகைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, வருகிற ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. ஜூலையில் ஓய்வு.

இந்த முறை அங்கே புதிதாக வந்த ஆசிரியை, ‘பிழை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கடிதக் கட்டோடு ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். மரியாதைக்குச் சொன்னது. கிஸ்லேன் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இருபத்து மூன்று கடிதங்களையும் வரிவரியாகத் திருத்தி, வழக்கம்போல மதிப்பெண்ணும் போட்டுத் திருப்பி அனுப்பினாள். ‘எனக்கு ஒரு நாய் உண்டு, அதற்குப் புற்றுநோய்’ என்ற கடிதத்துக்கு ஒன்பது. ‘சொல்வளம் போதாது.’

பிப்ரவரியில் தலைமையாசிரியர் வாசெர் கூப்பிட்டனுப்பினார்.

“மதாம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஏழு அம்மாக்கள் அங்க ஸ்கூலுக்குப் போய் கத்தியிருக்காங்க. ஏப்ரல்ல யாரும் வர வேணாம்னு எழுதிட்டாங்க.”

“பாதிப் பேருக்குப் பன்னெண்டு போட்டிருக்கேனே! நல்ல மார்க்குதானே அது?”

“நமக்கு நல்ல மார்க்கு. அவங்க கணக்குல நூத்துக்கு அறுபது. அங்க அது தேறாத பிள்ளைக்குப் போடறது.”

“அப்போ அவங்க கணக்குதான் தப்பு.”

“மதாம், நானும் உங்க ஸ்டூடன்ட்தான். எனக்கே ஒன்பது போட்டவங்க நீங்க.”

“ஒன்பதரை.”

வாசெர் கண்ணை மூடித் திறந்தார். “எல்லாருக்கும் இருபது போட்டு, ஒரு மன்னிப்பும் எழுதி அனுப்புங்க. இல்லேன்னா பயணம் கிடையாது.”

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பள்ளியில் எடுத்து வைத்திருந்த கடித நகல்களைப் பரப்பினாள். கணவன் ரெமி பாலாடைக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

“என்ன கிஸ்லேன், உயிலா எழுதற?”

“பேசாம இரு ரெமி. நாய்க்காரனுக்கு இருபது போடறேன்.”

“போடு, போடு. நாயாவது பொழைக்கட்டும்.”

போட்டாள். பொய்ச்சாட்சி சொல்வதைப்போல இருபத்திரண்டு பேருக்கு இருபது. கடைசியாக மார்லி என்ற பெண்ணின் கடிதம். தன் ஊரில் மூடிப்போன கடைகளை வரிசையாக எழுதி, ‘இப்போது எங்கள் தெருவில் வாகனம் நிறுத்த இடம் தாராளம்’ என்று முடித்திருந்தாள். முதலில் படித்தபோது கிஸ்லேன் தனியாகச் சிரித்தாள், பதினான்கு போட்டாள். நாய்க்கு இருபது என்றால் இவளுக்கு என்ன? இதிலும் ஒரு இருபதைப் போட்டால், அந்தச் சிரிப்புக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போகும்.

பதினேழு போட்டாள். வாழ்நாளில் அவள் மனதறிந்து போட்ட பெரிய மதிப்பெண்.

“பொம்பளைக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு,” என்றான் ரெமி. “அந்தப் பதினேழால உன் டிக்கெட் கிழியப்போகுது பாரு.”

கிழியவில்லை. இருபத்திரண்டு வீடுகள் குளிர்ந்துபோய், வாருங்கள் என்றன. ஆனால் ஏப்ரலில் ஓஹையோவில் போய் இறங்கியபோது, ஆசிரியைக்குத் தங்க இடம் ஒதுக்கியிருந்தது மார்லியின் வீட்டில். மறுநாள் காலை மார்லியின் அம்மா டார்லா காப்பிக் கோப்பையை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்குக் கீழே, அந்தக் கடிதம்.

“எல்லாப் பிள்ளைக்கும் இருபதாம். எம் பொண்ணு மட்டும் என்னங்க பாவம் பண்ணா?”

கிஸ்லேன் மனப்பாடம் செய்து வந்திருந்த மன்னிப்பு தொண்டை வரை வந்தது. அதற்குள் மார்லி காந்தத்தை நகர்த்திக் கடிதத்தை உருவினாள்.

“அம்மா, சும்மா இரு. மேடம், அந்த மூணு மார்க் எங்க போச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். கிஸ்லேன் காப்பியைத் தள்ளி வைத்தாள். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

“உக்காரு,” என்றாள். “கொஞ்சம் நேரமாகும்.”

முடிக்கும்போது மணி பதினொன்று. ஊர் சுற்றிக் காட்டப் பள்ளி வாசலில் நின்ற பேருந்து, அவளுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பிப்போயிருந்தது.