பெரியம்மா தொடாத விளம்பரம்

சிங்கப்பூர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மலேசியாவில், ஜொகூர் பாருவில் உள்ள எங்கள் வீட்டிலேயே மீன் கறித்தூள் அரைத்து விற்கத் தொடங்கியிருந்தேன். பழைய மேலதிகாரி நல்லவர். மாதக் கடைசிவரை என் இடத்துக்கு ஆள் எடுக்கமாட்டேன் என்றார். அதற்குள் ஃபேஸ்புக் விளம்பரத்தில் போதிய ஆர்டர் வராவிட்டால், மறுபடியும் விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்குப் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்த நெரிசலை நினைத்தாலே எரிச்சல் வரும்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. விளம்பரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் என் வாட்ஸ்அப்புக்குச் செய்தி வரும். விசாரித்தவர்களில் பலர் வாங்கினார்கள். அந்தப் பெருமையில் குடும்பக் குழுவிலும் அதைப் பகிர்ந்தேன். அடுத்த வாரம் செய்திகள் குவிந்தன. ஆர்டர் மட்டும் படுத்துவிட்டது. விளம்பரச் செலவோ குறையவில்லை.

என் கணவருக்குக் கை சும்மா இருக்காது.

"படத்த மாத்திப் பாப்போமா? பட்ஜெட்ட டபுளாக்கவா?"

"ஒன்னும் தொடாதீங்க. மாத்தினா ஃபேஸ்புக் மறுபடியும் மொதல்லேர்ந்து ஆள் தேடும்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

உட்கார்ந்து செய்திகளைப் படித்தேன். வாழ்த்துகள், மேலும் வளர்க, கும்பிடும் கைகள், பூங்கொத்து. அனுப்பியவர்கள் எல்லாம் பொந்தியான் ஊர்ப் பக்கத்து அத்தைகளும் சித்திகளும். அங்கே இருக்கும் பெரியம்மாதான் குழுவில் கட்டளை போட்டிருந்தார்: 'நம்ம புள்ளயோட விளம்பரம், எல்லாரும் தெனம் அமுக்குங்க.' ஃபேஸ்புக்கும் இவர்கள்தான் வாடிக்கையாளர்கள் என்று நம்பி, இவர்களைப் போன்றவர்களையே தேடிப் பிடித்திருக்கிறது. கறித்தூளை வீட்டிலேயே அரைத்துக்கொள்ளும் பெண்களை! எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியம்மா, இனிமே அத அமுக்காதீங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"ஏம்மா, நல்லதுக்குத்தானே செஞ்சோம்?"

"நல்லதுக்குத்தான். ஆனா யாவாரம் படுத்துடும் லா."

"சரிம்மா" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

பழைய விளம்பரத்தை நிறுத்தவில்லை. பக்கத்திலேயே, உண்மையில் வாங்கியவர்களின் போன் எண்களை ஃபேஸ்புக்கிடம் கொடுத்து, அவர்களைப் போன்றவர்களுக்கு மட்டும் இன்னொன்றைச் சின்னதாகத் தொடங்கினேன். அதில் ஆர்டர் வர வர, பணத்தைப் பழையதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். கணவர் தினமும் எட்டிப் பார்த்தார், நான் போனைக் கொடுக்கவில்லை. மாதம் முடிவதற்குள் மேலதிகாரியை அழைத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறித்தூள் பொட்டலத்தோடு பொந்தியானுக்குப் போனேன். பெரியம்மா போனை எடுத்துக் காட்டினார்.

"ஒன் விளம்பரம் இன்னும் வருதும்மா. நான் தொடவே இல்ல. தெரியாம வெரல் பட்டுடுமோன்னு, வந்தாலே போன கவுத்து வெச்சிடுவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு தடவ அமுக்குங்க பெரியம்மா, ஒன்னும் ஆகாது."

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. ஒன் யாவாரம் நல்லா ஓடட்டும்."