சூரை மீனும் கிரேசியின் பட்டையும்

என் மனைவி கிரேசிக்குக் கோபம் வந்தாலும் பாத்திரம் உருளும், சந்தோஷம் வந்தாலும் உருளும். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் எது எதென்று எனக்குப் பிடிபடவில்லை. நான் துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட். அவள் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள்.

சூரை மீனுக்கு ஐஸ் போதாவிட்டால் உள்ளுக்குள் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். கண்ணுக்கும் தெரியாது, சமைத்தாலும் போகாது. அதைக் கண்டுபிடிக்க கிரேசி விரல் நீளத்தில் ஒரு பட்டை செய்திருந்தாள். அதன் மேல் தலைமுடியை விட மெல்லிய படலம். மீன் கரைசலை ஒரு சொட்டு விட்டால் ஹிஸ்டமின் அந்தப் படலத்தில் ஒட்டும், பட்டையைச் செருகிய மீட்டரில் எண் ஏறும்.

தருவைகுளம் கடற்கரையின் படகுக்காரர்கள் அவளை நம்பவில்லை. போன மாதம்தான் அவர்களில் ஒருவனான மெல்வின் பிடித்து வந்த மீன் மொத்தத்தையும் ஹிஸ்டமின் இருக்கிறதென்று ஏற்றுமதிக் கம்பெனி திருப்பிவிட்டிருந்தது. இவளும் கம்பெனி ஆள்தானோ என்று சந்தேகம்.

"நாளைக்கு எங்க முன்னால வச்சிக் காட்டுங்க. சரியா வரலன்னா பெறவு இந்தக் கரைக்கே வராதிய" என்று மெல்வின் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் கடைசி ஒத்திகை. வேண்டுமென்றே வெயிலில் வைத்துக் கெடுத்த சூரை. மீட்டரில் பூஜ்யம். வேறு பட்டை போட்டாள். மறுபடியும் பூஜ்யம். கிரேசியின் முகம் செத்துவிட்டது. "எல்லாம் போச்சுங்க" என்றாள். பட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தவள் திடீரென்று கத்தினாள். பாத்திரம் உருண்டது.

"மஞ்சளுங்க! மீனக் கண்டதும் கை தானா மஞ்சத்தூளப் போட்டு அலசிட்டு!"

டாக்டர் பட்டம் வாங்கிய கைதான். டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, மஞ்சள் முந்திக்கொண்டு படலம் முழுக்க ஒட்டியிருந்தது. ஹிஸ்டமினுக்கு இடமே இல்லை. அலசாமல் கிடந்த வால் துண்டில் சோதித்தாள். எண் சரசரவென்று ஏறியது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். கெட்ட மீனுக்குக் கைதட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

காலையில் கரையில் நல்ல கூட்டம். மெல்வினின் மீனிலேயே முதல் சோதனை. எண் ஏறியது.

"எம் மீனு கெட்டுப்போச்சுன்னா சொல்லுதிய?" மெல்வின் முறைத்தான்.

"பொறுங்க அண்ணே. இது என்னைக்குப் பிடிச்சது?"

"கடலுக்குப் போன மொத நாளு. அடியில கெடந்தது."

"மேல உள்ளத எடுங்க."

மேல் அடுக்கு மீனுக்கு எண் அசையவில்லை. நடு அடுக்குக்கும் அசையவில்லை. மெல்வின் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ போன மாசமும் அடி மீனுதான் கெட்டிருக்குமோ? நல்ல மீனையுமா சேத்துக் கொட்டுனோம்?"

கிரேசிக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்வின் படகுக்குள் குதித்தான்.

"ஏலே, அடி மீனத் தனியா எடுத்து வைங்கலே! மேடம், ஒவ்வொண்ணாப் பாத்துருவோம், நீங்க போயிராதிய!"